விரைவும் விரிவும்

கலை எதுவாயினும், அதனைப் பயில்வோரிடையே இருவேறு கொள்கைகள் தோன்றி ஒன்றையொன்று மறுத்து நிற்றல் இயல்பு. உள்ளத்தில் எழுந்ததை எழுந்த சூட்டோடு, அணியும் அலங்காரமுமின்றி, சில சொற்களில் வெளியிடுதலே உண்மைக் கலை என்பர் ஒருசாரார். உணர்ச்சியை அறிவினாலே பண்படுத்தி, பகுதி பகுதியாக வகுத்து, பெருங்கோயில் எழுப்புவார்போல் அடுக்கி அமைத்தலே கலை என்பர் மற்றொருசாரார். முன்னையது விரைவைப் போற்றுவது. பின்னையது விரிவைப் போற்றுவது. மேனாட்டு றொக் இசையில் இவ்விரு கொள்கைகளும் 1970 ஆம் ஆண்டினை அடுத்த பத்தாண்டிலே நேருக்கு நேர் மோதின. விரைவுக் கொள்கை பங்க் எனப் பெயர் பெற்றது. விரிவுக் கொள்கை முற்போக்கு றொக் எனப் பெயர் பெற்றது. ஒன்று வாழவேண்டுமாயின் மற்றொன்று மாளவேண்டும் என்பதே அக்காலத்து இளைஞர் பலரின் எண்ணமாயிருந்தது.

அம்மோதல் நிகழ்ந்து கால் நூற்றாண்டு கடந்தபின், 2003 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், அமெரிக்காவில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. 'மார்ஸ் வோல்ட்டா' என்னுங் குழுவினரின் முதலாவது முழு இசைத்தட்டாகிய 'டீலௌஸ்ட் இன் த கோமட்டோரியம்' என்பதே அது. பகையெனக் கருதப்பட்ட இரு நெறிகளும் அதனுள்ளே ஒன்றாகி நின்றன. அவை எவ்வாறு ஒன்றாயின, ஏன் ஒன்றாகவேண்டியிருந்தன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மாணவர் விரும்பிக் கேட்கும் இசையை மூத்தோர் வெறும் இரைச்சலென ஒதுக்குதலும், மூத்தோர் போற்றும் இசையை மாணவர் வெறும் இலக்கணமென ஒதுக்குதலும் எக்காலத்தும் உள்ளவை. ஆதலின் இவ்வாராய்ச்சி இரு திறத்தார்க்கும் பயன்படும் என்பது எமது துணிபு.

முற்போக்கு றொக்

முற்போக்கு என்னுஞ் சொல்லை ஈண்டு அரசியற் பொருளிற் கொள்ளலாகாது. நடனத்துக்கும் கேளிக்கைக்கும் உரியதாய்ப் பிறந்த றொக் இசையை, ஐரோப்பிய செவ்வியல் இசை, ஜாஸ் என்பவற்றின் அமைப்புக்களைத் துணைக்கொண்டு முன்னெடுத்துச் செல்லல் என்பதே இங்கு அதன் பொருள். 1969 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்த 'கிங் கிரிம்சன்' குழுவினரின் முதல் இசைத்தட்டு இந்நெறிக்கு வழிகோலியவற்றுள் தலையாயது. 'யெஸ்' என்னுங் குழுவினர் 1972 இல் வெளியிட்ட 'குளோஸ் ரு தி எட்ஜ்' என்னும் இசைத்தட்டில், தட்டின் ஒரு முகம் முழுவதையும் ஒரே ஆக்கம் நிரப்பிற்று. அடுத்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட இரட்டைத் தட்டில் நான்கு முகங்களுக்கும் நான்கே ஆக்கங்கள். நேரமோ எண்பது நிமிடத்துக்கு மேல். பரமஹம்ச யோகானந்தரின் தன்வரலாற்று நூலிற் காணப்படும் ஓர் அடிக்குறிப்பு, சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என நம் சாத்திரங்களை நான்காகப் பகுத்துரைப்பது. அவ்வாக்கம் நான்கு பகுதிகளாய் அமைந்தமைக்கு அக்குறிப்பே தூண்டுகோலாயிற்று என்பது நம்மவர்க்குச் சுவை தருஞ் செய்தியாகும்.

தாள அளவை இடையிடையே மாறுதல், ஒரு பாட்டினுள்ளே பல உறுப்புக்கள் அமைதல், ஒரு தட்டு முழுவதும் ஒரே கதையினைக் கூறுதல், வாத்தியத்தில் அரிய பயிற்சியைக் காட்டுதல் என்பன இந்நெறியின் இலக்கணங்கள். இவற்றாற் பெற்ற பேறு பெரிது. ஆயினும் காலப்போக்கிற் குறையும் புகுந்தது. பயிற்சியைக் காட்டுதலே நோக்கமாகி, பாடுபொருள் மெலிந்தது. கேட்போன் வியந்தான்; ஆனால் அவன் நெஞ்சு கலங்கவில்லை.

பங்க்

இக்குறைக்கு மறுமொழியாக எழுந்ததே பங்க். நியூயோர்க்கைச் சேர்ந்த 'ரமோன்ஸ்' குழுவினரின் முதல் இசைத்தட்டு 1976 ஆம் ஆண்டு ஏப்பிரலில் வெளிவந்தது. பதினான்கு பாடல்கள், அனைத்துஞ் சேர்ந்து 29 நிமிடம். யெஸ் குழுவினரின் ஓர் ஆக்கம் முடிவதற்குள் இவர்களுடைய பாடல்கள் ஏறக்குறையப் பத்து முடிந்துவிடும். மூன்று சுரக்கட்டுக்களை அறிந்த எவனும் மேடையேறலாம் என்பது இந்நெறியின் துணிவு. கற்றவனுக்கே கலை உரியது என்னும் எண்ணத்தை அது தகர்த்தது. அவ்வகையிற் பங்க் இசைப் புரட்சி மட்டுமன்று, உரிமைக் குரலுமாகும்.

இலண்டனில் 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' குழுவின் பாடகர் ஜோன் லைடன், 'பிங்க் புளோயிட்' என்னும் புகழ்பெற்ற விரிநெறிக் குழுவின் பெயர் பொறித்த மேலாடையில், அக்குழுவை வெறுப்பதாக ஒரு சொல்லைத் தம் கையாலெழுதி அணிந்து திரிந்தார். இரு நெறிகளுக்கும் இடையிலான பகைமைக்கு அவ்வாடையே கொடியாயிற்று.

பகைமையின் உண்மை

ஆயினும் ஆராய்ந்து நோக்குவார்க்கு இப்பகைமை மேற்பரப்பளவினதே எனப் புலனாகும். அதே லைடன் 1977 இல் இலண்டன் வானொலி நிகழ்ச்சி ஒன்றிலே தமக்கு விருப்பமான இசைத்தட்டுக்களை ஒலிபரப்பியபோது, விரிநெறிக் குழுவொன்றின் தலைவராகிய பீற்றர் ஹமிலின் பாடல்களையும் தெரிந்தெடுத்திருந்தார். வாசிங்டன் நகரத்து 'பாட் பிரெயின்ஸ்' குழுவினர் பங்க் இசையின் மிக வேகமான கிளையை வகுத்தவருள் முன்னிற்பவர். அவர்களோ தொடக்கத்தில் ஜாஸ் கலப்பிசை பயின்றவர்கள். கடும் பயிற்சியின்றி அவ்வேகம் கைவராது என்பதற்கு அவர்களே சான்று. பின்னர் இங்கிலாந்தின் 'கார்டியாக்ஸ்' போன்ற குழுக்கள் இரு நெறிகளையும் கலந்து பாடினர். எனவே கலப்பு என்னும் அளவில் 2003 ஆம் ஆண்டின் இசைத்தட்டு முதன்மை கோர முடியாது. அதன் சிறப்பு வேறோரிடத்தில் உள்ளது. அதனை அறிதற்கு அதனை ஆக்கியோரின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

எல்லை நகரத்து இளைஞர்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில், மெக்சிக்கோவின் எல்லையிலே எல் பாசோ நகரம் அமைந்துள்ளது. ஆற்றின் அக்கரையில் இருப்பது மெக்சிக்கோ நாட்டுச் சியுடாட் உவாரெஸ் நகரம். ஆங்கிலமும் இசுப்பானியமும் ஒரே தெருவில் ஒலிக்கும் இந்நகரிலே 1990 களில் 'அட் த டிரைவ்-இன்' என்னும் பங்க் குழு தோன்றிற்று. புவெர்ட்டோ ரிக்கோவிற் பிறந்த ஒமார் ரொட்ரிகஸ்-லோபஸ் அதில் கிற்றார் இசைத்தார். செட்ரிக் பிக்ஸ்லர்-சவாலா பாடினார். சிறு வாகனமொன்றில் ஊரூராகச் சென்று சிற்றரங்குகளிற் பாடிப் பல ஆண்டுகள் உழைத்த இக்குழுவினர், 2000 ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளியிட்ட மூன்றாவது இசைத்தட்டினாற் பெரும்புகழ் எய்தினர்.

புகழ் வந்த சில மாதங்களிலேயே, 2001 ஆம் ஆண்டின் முற்பகுதியில், அக்குழு பிரிந்தது. கைக்கெட்டிய கனியை எறிந்துவிட்டாரே எனப் பலரும் வியந்தனர். ஆயின் ஒமாரும் செட்ரிக்கும் வேண்டியது வேறு. மூன்று நிமிடப் பாடல், ஒரே வகைச் சுருதி, ஒரே வகைச் சீற்றம் என்னும் வேலிக்குள் நிற்க அவர்கள் விரும்பவில்லை. விதிகளை உடைக்கப் பிறந்த பங்க், தானே விதிகளின் தொகுதியாகிவிட்டது என்பதே அவர்களின் குறை. குழுவின் ஏனைய மூவர் 'ஸ்பாட்டா' என்னும் புதுக்குழுவை அமைத்துப் பழைய நெறியையொட்டிச் சென்றனர். இவ்விருவரோ மார்ஸ் வோல்ட்டாவைத் தொடங்கினர்.

இதற்கு முன்னரே இவ்விருவரும் 'டி பாக்ரோ' என்னும் மற்றொரு சிறு குழுவை நடத்திவந்தனர். யமெய்க்காத் தீவில் தோன்றிய டப் என்னும் இசைவகை அதன் பொருள். ஒலிப்பதிவுக்கூடத்தையே ஒரு வாத்தியமாகக் கொண்டு, ஒலியை எதிரொலிக்கச்செய்தும், இடையிடையே மறைத்தும், மீளக் கொணர்ந்தும் புதுவடிவம் கொடுத்தல் டப்பின் இயல்பு. அக்குழுவிலிருந்த ஜெரமி வாட் என்பார் ஒலிகளை மாற்றியமைப்பதில் வல்லவர். ஐசாயா ஓவன்ஸ் விசைப்பலகை வாசிப்பவர். இருவரும் புதுக்குழுவிற் சேர்ந்தனர். ஜோன் தியடோர் பறைக்கருவிகளை ஏற்றார். 2002 இல் மூன்று பாடல்கள் கொண்ட சிறுதட்டொன்று வெளிவந்தது. அடுத்த ஆண்டில் முழுத்தட்டு.

துயரம் தந்த கதை

எல் பாசோவில் இவர்களுக்கு ஓவியரான நண்பர் ஒருவர் இருந்தார். போதையினால் நலிந்து, நீண்ட மயக்கநிலையிற் கிடந்து மீண்டு, ஈற்றில் 1996 இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இளமையில் வாய்த்த வழிகாட்டியின் பிரிவு இவர்களை விட்டு நீங்கவேயில்லை. பழைய குழுவின் முதல் இசைத்தட்டிலே அவரை நினைந்து ஒரு பாடல் பாடினர். அது ஏறக்குறைய மூன்று நிமிடம் கொண்ட பங்க் பாடல். கதறல் என்றே சொல்லத்தக்கது. ஆனாற் பாடி முடிந்தபின்னரும் துயரம் எஞ்சி நின்றது.

இவ்விடமே நம் ஆராய்ச்சிக்கு நடுநாயகமானது. கதறல் மூன்று நிமிடத்தில் அடங்கும். ஆனால் இழந்தவனைப்பற்றிய நினைவு மூன்று நிமிடத்தில் அடங்காது. அவன் எங்கே சென்றான், எதைக் கண்டான், ஏன் திரும்பி வந்தும் தங்காது போனான் என்னும் வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். அவற்றை உலவவிடுதற்கு விரிந்த மாளிகையொன்று வேண்டும். செட்ரிக்கும் ஜெரமி வாட்டும் சேர்ந்து ஒரு கதை புனைந்தனர். சேர்பின் டாக்ஸ்ட் என்பான் தன் உயிரைப் போக்க முயன்று, இறவாது ஒரு வாரம் மயக்கத்திற் கிடக்கிறான். அம்மயக்கத்தில் விந்தையான உலகங்களையும் தன் மனத்தின் நன்மை தீமைகளையும் காண்கிறான். பின் விழித்தெழுகிறான், எனினும் விழிப்புலகம் அவனுக்கு ஒவ்வாததாகி, முடிவைத் தானே தேடிக்கொள்கிறான். மயக்கநிலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து, மண்டபம் என்னும் பொருள்பட ஆக்கிய புதுச்சொல்லே தலைப்பிலுள்ள 'கோமட்டோரியம்'. பேன் முதலியன களைந்து தூய்மை செய்தலைக் குறிப்பது 'டீலௌஸ்ட்'. மயக்க மண்டபத்தில் மாசு களையப்பெற்றவன் என்பது தலைப்பின் கருத்தாகக் கொள்ளலாம்.

ஆகவே, பங்க் நெறியினர் முற்போக்கு நெறியின் கட்டமைப்பை நாடியது பகட்டுக்காகவன்று. துயரின் அளவு அதனை வேண்டிற்று. அதே வேளையில் பங்க் நெறியின் வேகத்தை அவர்கள் கைவிடவுமில்லை. வேகம் குன்றினால் துயரம் வெறுங் கதையாகிவிடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

ஆக்கிய முறை

இசையை அமைத்தவர் ஒமார். சொற்களை எழுதியவர் செட்ரிக். தயாரிப்பில் ஒமாருடன் இணைந்தவர் ரிக் ரூபின். வேண்டாதவற்றை வெட்டி எறிந்து எளிமையாக்குவதிற் பெயர் பெற்றவர் அவர். 1986 இல் 'ஸ்லேயர்' குழுவின் அரைமணி நேரத்துக்குட்பட்ட கடும் இசைத்தட்டையும், 1994 இல் முதுபாடகர் ஜோனி காஷ் தனிக் கிற்றாருடன் பாடிய இசைத்தட்டையும் உருவாக்கியவர். விரிக்க விழையும் இசைஞரும் சுருக்க விழையும் தயாரிப்பாளரும் ஒருவரையொருவர் தடுத்தும் தாங்கியும் நின்றமையே இத்தட்டின் கட்டுக்கோப்புக்கு ஒரு காரணம் எனலாம். அப்போது குழுவிற் கீழ்க்குரற் கிற்றாருக்கு நிலையான கலைஞர் இல்லாமையால், 'ரெட் ஹொட் சிலி பெப்பர்ஸ்' குழுவின் பிளீ அதனை ஏற்று, ஒரு பாடல் தவிர ஏனையவற்றில் வாசித்தார். அக்குழுவின் மற்றொரு கலைஞரான ஜோன் புருசியான்ரேயும் ஒரு பாடலிற் பங்குகொண்டார். இலத்தீன் அமெரிக்கத் தாளக் கருவிகளை லெனி காஸ்ட்ரோ இசைத்தார்.

அட்டை ஓவியத்தை அமைத்தவர் ஸ்டோர்ம் தோர்கர்சன். பொன்னிறத் தலையொன்றின் வாயிலிருந்து ஒளி பாயும் காட்சி அது. பிங்க் புளோயிட் குழுவின் புகழ்பெற்ற அட்டைகளை ஆக்கியவர் இவரே. ஒரு காலத்தில் பங்க் இளைஞன் வெறுப்பெழுதிய பெயரோடு இணைந்த ஓவியரை, பங்கிற் பிறந்த குழுவினர் தாமே அழைத்தனர். பழம்பகை தீர்ந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பாடல்களின் அமைதி

பத்துப் பாடல்கள், ஏறக்குறைய 61 நிமிடம். முதலாவது, 'ஒலியும் ஒளியும்' எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தலைப்புடைய சிறு முன்னுரை. தொலைவிலிருந்து மெல்ல அணுகும் அவ்விசை, ஒன்றரை நிமிடத்தின்பின் இடைவெளியின்றி 'இனேர்ஷியாற்றிக் இ. எஸ். பி.' என்னும் இரண்டாம் பாடலாக வெடிக்கிறது. நான்கு நிமிடத்துக்குச் சிறிது மேற்பட்ட அப்பாடலின் வேகம் பங்க் பழகியோர்க்கு உடனே விளங்கும். வாயிலிலேயே அவர்களை வரவேற்று உள்ளே அழைத்துச் செல்லும் உபாயம் அது.

மூன்றாம் பாடலாகிய 'ரூலெட் டெயர்ஸ்' ஏழரை நிமிடம் கொண்டது. சூறாவளி போன்ற பகுதிகளும், திடீரெனக் குரல் தாழ்ந்து இரங்கும் பகுதிகளும் அதில் மாறி மாறி வருகின்றன. பங்க் பாடல் தொடங்கிய விரைவிலேயே முடியும். இங்கோ விரைவும் அமைதியும் ஒன்றையொன்று பொருளுடையனவாக்குகின்றன. 'டிரங்க்ஷிப் ஒவ் லான்டேர்ன்ஸ்' என்னும் ஐந்தாம் பாடலிற் கரீபியத் தாளம் அடித்தளமாகிறது. புவெர்ட்டோ ரிக்கோவிற் பிறந்தவரின் செவிவழிச் செல்வம் அது, அலங்காரமாய் ஒட்டவைத்ததன்று.

தட்டின் சிகரம் 'சிக்காட்ரிஸ் இ. எஸ். பி.' என்னும் ஏழாம் பாடல். 'சிக்காட்ரிஸ்' என்னும் இசுப்பானியச் சொல் தழும்பைக் குறிக்கும். பன்னிரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட இப்பாடல், உறுதியான பல்லவி போன்ற பகுதியோடு தொடங்கி, நடுவில் தாளமே கரைந்துபோக, உருவற்ற ஒலிகளின் வெளியிலே நெடுநேரம் மிதக்கிறது. மயங்கிக் கிடப்பவனின் அகவுலகை, அதைப்பற்றிய வருணனையாலன்றி, கேட்போனையே அதனுள் நிறுத்துவதால் உணர்த்துகின்றனர். பொறுமை இழப்போன் இவ்விடத்தில் விலகுவான். இருந்து கேட்பவன், தாளம் மெல்ல மீண்டு வந்து முதற்பகுதி மறுபடியும் எழும்போது, மூச்சுத் திணறிக் கரை சேர்ந்தவனின் உணர்வைப் பெறுவான். விரிவு இங்கே பயன் தருகிறது.

ஒன்பதாம் பாடலாகிய 'டெலிவேற்றர்ஸ்' எல்லா ஆரவாரத்தையும் ஒதுக்கிவிட்டு, மின்விசையற்ற கிற்றாரோடு தாழ்ந்த குரலில் நண்பனின் முடிவை நினைந்து இரங்குகிறது. இத்தனை பேரொலிக்குப்பின் வரும் அம்மென்மையே தட்டிற் கனமான பகுதி. ஆனால் அம்மெல்லிரங்கலோடு அவர்கள் நிறைவு செய்யவில்லை. இறுதிப்பாடல் மீண்டும் சீறியெழுந்து, தணியாமலே சட்டென அறுந்துபோகிறது. ஆறுதல் கூறி முடித்திருப்பின் அது பொய்யாயிருக்கும்.

குறைகள்

குணம் நாடியாங்குக் குற்றமும் நாடுதல் ஆராய்வோன் கடன். செட்ரிக்கின் சொற்கள் ஆங்கிலமும் இசுப்பானியமும் புதுப்புனைவுகளும் கலந்து, பலவிடங்களிற் பொருள் துணிதற்கு அரியனவாயுள்ளன. கதையைத் தனியே நூலாக வெளியிட்டனர் என்பதே, பாடல்கள் தனித்துநின்று கதையை உணர்த்தவில்லை என்பதற்கு ஒப்புதலாகும். ஒலிப்பதிவின் இறுக்கத்தாற் செவி களைப்பதும் உண்டு. ரூபினின் கூட்டுத் தயாரிப்புக்கு முன்னர் ஒமார் தாமே பதிந்த ஆரம்ப வடிவம் 2021 இல் 'லான்ட்ஸ்கேப் டான்ட்ரம்ஸ்' என்னும் பெயரில் வெளிவந்தது. இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்போர், மெருகினாற் பெற்ற தெளிவையும், மெருகினால் இழந்த சில முரட்டு அழகுகளையும் ஒருங்கே காண்பர்.

குழுவினர் பின்னர் வெளியிட்ட இசைத்தட்டுக்கள் சிலவற்றில் விரிவு விரைவை விழுங்கிற்று என்பாரும் உளர். அஃது உண்மையாயின், அதுவும் நம் கருத்தையே வலியுறுத்தும். இரு நெறிகளும் ஒன்றையொன்று காத்து நின்றதே முதற்றட்டின் வலிமை.

முடிவுரை

இத்தட்டு அமெரிக்க விற்பனை வரிசையில் 39 ஆம் இடத்தை எய்திற்று. பன்னிரண்டு நிமிடப் பாடலையும் விளங்காச் சொற்களையும் கொண்ட முதற்படைப்புக்கு அது எதிர்பாராத வரவேற்பு. ஆயினும் அவ்வெற்றியின்மீது ஒரு நிழல் படிந்திருந்தது. தட்டு வெளிவருதற்கு ஒரு மாதத்துக்கு முன், 2003 ஆம் ஆண்டு மே 25 ஆம் நாள், கதையைப் புனைந்தவருள் ஒருவராகிய ஜெரமி வாட் அளவுமீறிய போதைப்பொருளால் இறந்தார். ஒரு நண்பனை இழந்த துயரைப் பாடப் புகுந்தோர், பாடி முடித்த வேளையில் மற்றொரு நண்பனை இழந்தனர். போதையின் கொடுமையை ஒரு மணி நேரம் இசையாற் காட்டிய குழு, அக்கொடுமைக்குத் தன் உறுப்பினனையே பலிகொடுத்தது. கலை துயரத்துக்கு வடிவங் கொடுக்கலாம். துயரத்தைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் அதற்கு இல்லை. இவ்வுண்மையை நம் இளைஞர் மனத்திற் பதித்தல் வேண்டும். துயருற்ற நண்பனைக் கண்டால், அவன் மறைந்தபின் பாடுதற்கன்று, அவன் உடனிருக்கும்போதே கைகொடுத்தற்கு விரைதல் வேண்டும்.

இனி, கலைநெறிபற்றி நாம் பெறும் முடிபு இது. சுருக்கம் சிறந்ததா, விரிவு சிறந்ததா என்னும் வினா, சொல்லவேண்டிய பொருளை மறந்தவர் எழுப்பும் வினா. பொருள் தனக்கு வேண்டிய அளவைத் தானே கேட்கும். மூன்று நிமிடத்தில் தீராத துயரம் அறுபது நிமிடத்தைக் கேட்டது. அறுபது நிமிடமும் தளராதிருத்தற்கு மூன்று நிமிடப் பாடலின் சூட்டைக் கேட்டது. அக்கேள்விக்குச் செவிசாய்த்தமையாலேயே, எல்லை நகரத்து இளைஞர் இருவர் பழைய எல்லையொன்றை அழித்துச் சென்றனர்.